வியாழன், பட்டாணி சூப்

ஔலு நகரில் வியாழன் என்றால்
கேன்டீனில் பட்டாணி சூப்.
ஓரத்தில் ஒரு சொட்டுக் கடுகு விழுது.
நான் கடுகைக் கலக்கிக்கொண்டிருந்தபோது
இயக்குநர் ஸ்டூலின் மேல் ஏறினார்.

"நம்முடைய ஹில்லாவும்
ஒரிகன்காரர்களின் ஜூனிப்பரும்
இன்றிலிருந்து ஒன்று."

நேற்றுவரை சுவரில் எழுதி வைத்திருந்தோம்:
ஜூனிப்பர் விழித்தெழ பதினோரு நொடி,
ஹில்லாவுக்குப் பதினான்கு.
அந்த மூன்று நொடிக்காக
ஈஸ்டர் விடுமுறையைத் தின்றவர்கள் நாங்கள்.
துடைப்பானை எடுத்து
யார்க்கோ சுவரை அழித்தான்.
பச்சை மை முழுதாகப் போகவில்லை.

காரணத்தைத் திரையில் காட்டினார்கள்.
இரண்டு அம்புகள்,
அவை போய்ச் சேரும் ஒரு வட்டம்.
வட்டத்துக்கு ஆலோசகர்கள் வைத்த பெயரை
இரண்டு ஊரிலும் எவராலும் உச்சரிக்க முடியவில்லை.

அம்பில் எழுதாத காரணம் இது:
அவர்களிடம் சில்லு இருந்தது, அதைப் போட ஃபோன் இல்லை.
எங்களிடம் ஃபோன் இருந்தது, நேரம் இல்லை.
மொட்டைமாடி அறையில் விளையாட்டு எழுதும் ஒரு பையன்
இரண்டு சின்னக் கடைகளுக்காக
இரண்டு முறை எழுத மாட்டான்.
(ஒரு சின்னக் கடைக்காகவும் எழுத மாட்டான்.
அதை யாரும் வரையவில்லை.)

இன்னொன்றும் உண்டு,
சொல்ல வெட்கம்.
தெற்கே மலைபோல் வளர்ந்துகொண்டிருந்த இருவர்
எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கைக்கு எட்டிய ஒருவரைத்தான்
இத்தனை நாள் எதிரி என்று அழைத்தோம்.

பிறகு இணைப்பு.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மோதல்கள்
என்றது இயந்திரம், கோபமே இல்லாமல்.
பொதி கட்டும் முறை அவர்களுடையது.
சாளரம் வரைவது நம்முடையது.
மின்கலக் கணக்கு
இருவருடையதும் தப்பு.

மூன்று வாரம் அலாரத்தில் போனது.
நம் அலாரம் ஃபோன் அணைந்திருந்தாலும் அடிக்கும்,
யாராவது எழும்வரை அடிக்கும்.
அவர்களுடையது ஒரு நிமிடம் அடித்துவிட்டு
மரியாதையாக ஓய்ந்துவிடும்.
சந்தையில் எங்கள் பங்கு தேய்ந்துகொண்டிருந்தது.
நாங்கள்
எழுப்புவது என்றால் என்ன என்று
நாற்பத்தொரு மின்னஞ்சல் எழுதினோம்.

எதிர்முனையில் லோர்னா ஹேக்கட்.
எனக்கு மாலை ஆறு, அவளுக்குக் காலை எட்டு.
அவள் கோப்பையில் ஆவி,
என் சன்னலில் இருட்டு.
முதல் அழைப்பின் நாலாவது நிமிடம்
இருவருக்கும் ஒன்றாகவே புரிந்தது:
அவள் பார்ப்பதும் நான் பார்ப்பதும்
அச்சு அசல் ஒரே வேலை.
ஒரு உறையில் இரண்டு கத்தி.
அதன்பின் மிகவும் பண்பாகப் பேசினோம்.
"உன் வழியே நல்லது" என்பாள்.
"இல்லை, உன்னுடையது" என்பேன்.
தோற்றுக் கொடுப்பதில்
இவ்வளவு போட்டி இருக்கும் என்று அறிந்திருக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து
அதே ஸ்டூல், வேறு இயக்குநர்.
வட்டம் இனி வேண்டாமாம்.
மூன்றாம் நிறுவனம் ஒன்றின் அமைப்பை
அப்படியே வாங்கிக்கொள்வதாம்.
கத்தி இரண்டையும் விட்டு
உறையை விற்றாயிற்று.

அன்று மாலையும் லோர்னா அழைத்தாள்.
வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.
"அலாரம் பாக்கி இருக்கிறதே" என்றாள்.
ஒரு நிமிடம் அடிக்கட்டும்,
ஐந்து நிமிடம் ஓயட்டும்,
மறுபடி அடிக்கட்டும்,
யாராவது எழும்வரை.
பதினெட்டு வரி. அவள் எழுதினாள்,
நான் சரிபார்த்தேன்,
எந்த ஃபோனுக்கும் போகப்போவதில்லை என்று தெரிந்தே
சேர்த்தோம்.
மோதல் ஏதுமில்லை என்றது இயந்திரம்.

கீழே இறங்கினால் கேன்டீனில் விளக்கு எரிந்தது.
அன்றும் வியாழன்தான்.
அடி பிடித்த சூப் கொஞ்சம் மிச்சம் இருந்தது,
கடுகு தீர்ந்திருந்தது.